ஊர்ச் செய்தித் தளம் தொடங்க எது சரி: வேர்ட்பிரஸ்ஸா, கோஸ்ட்டா, ஹியூகோவா?

ஊர்ச் செய்திக்கென்று தனியாக ஒரு தளம் தொடங்க வேண்டும், அதையும் யாருக்கும் மாதச் சந்தா கட்டாமல் ஓப்பன் சோர்ஸ் மென்பொருளிலேயே (நிரல் திறந்திருக்கும், யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம்) செய்ய வேண்டும் என்று வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: வேர்ட்பிரஸ் நல்லதா, கோஸ்ட் நல்லதா, ஹியூகோ ரொம்ப வேகமாமே? மூன்றும் இணையதளம் கட்ட உதவுகிற மென்பொருள்கள், மூன்றும் நல்லவைதான், அதனால் அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு எங்கேயும் போய்ச் சேர முடியாது. காலை ஆறு மணிக்குச் செய்தியை ஏற்றப் போவது யார், வாசகர் எந்த வழியாக உள்ளே வருவார், காசு எந்த வழியாக வரும் என்று முதலில் உட்கார்ந்து பேசிவிடுங்கள். பாதி முடிவு அங்கேயே ஆகிவிடும்.

பேச வசதியாக ஒரு ஊரை எடுத்துக்கொள்வோம், கோவில்பட்டி. தூத்துக்குடி மாவட்டம், நகராட்சி, தீப்பெட்டித் தொழில், சுற்றிலும் கரிசல் மானாவாரி விவசாயம். பெரிய நாளிதழ்களின் மாவட்டப் பக்கத்தில் இந்த ஊருக்கு ஒரு நாளைக்கு இரண்டு மூன்று துண்டுச் செய்திகள் கிடைத்தால் அதிகம். ஆனால் ஊர்க்காரருக்குத் தெரிய வேண்டியது நாளைக்கு எந்தத் தெருவில் மின்தடை, நகர்மன்றக் கூட்டத்தில் என்ன தீர்மானம் போட்டார்கள், பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசித் தேதி எது, யார் வீட்டில் துக்கம் என்பதெல்லாம். சென்னையில் இந்த இடத்தை மயிலாப்பூர் டைம்ஸ் மாதிரியான பேட்டைப் பத்திரிகைகள் 1990களிலேயே பிடித்துவிட்டன. அச்சுச் செலவு தாங்காத ஊர்களுக்கு இணையம்தான் வழி.

வேர்ட்பிரஸ் 2003 மே மாதம் வெளிவந்தது, அதற்கு முன்பிருந்த பி2 என்ற வலைப்பதிவு மென்பொருளின் மேல் கட்டியது. உலகத்தில் உள்ள இணையதளங்களில் பத்துக்கு நான்கு இதில்தான் ஓடுகின்றன என்பதை எல்லோரும் பெருமையாகச் சொல்வார்கள். ஊர்த் தளத்துக்கு அந்தப் பெருமையால் ஒரே ஒரு பிரயோஜனம் உண்டு, அது பெரிய பிரயோஜனம்: தளம் படுத்துவிட்டால் தூக்கி நிறுத்தத் தெரிந்த ஆள் உங்கள் ஊரிலேயே, இல்லாவிட்டால் பக்கத்து ஊரிலாவது கிடைப்பார். மலிவான ஷேர்டு ஹோஸ்டிங்கில் (பல தளங்கள் ஒரே சர்வரைப் பங்குபோட்டுக்கொள்ளும் வாடகை இடம்) ஓடும், வருடத்துக்குச் சில ஆயிரம் ரூபாயோடு போகும். நிர்வாகப் பக்கத்தைத் தமிழுக்கு மாற்றிக்கொள்ளலாம். மொழிபெயர்ப்பு ஆங்காங்கே அரைகுறைதான், இருந்தாலும் ஆங்கில மெனுவைக் கண்டு ஒதுங்குகிற ஒரு ஓய்வுபெற்ற தமிழாசிரியர் செய்தி ஏற்ற அது போதும். கைப்பேசிச் செயலியும் இருக்கிறது.

குறைகளுக்கு வருவோம். முதல் குறை தமிழில் எழுதுகிறவர்களுக்கு மட்டும் வருவது, ஆங்கிலத்தில் வேர்ட்பிரஸ் பாடம் நடத்துகிறவர்கள் இதைச் சொல்லவே மாட்டார்கள். நீங்கள் தமிழில் தலைப்பு வைத்தால் வேர்ட்பிரஸ் அந்தத் தலைப்பையே லிங்க்காக மாற்றும். உள்ளே அது சேமிக்கும்போது ஒவ்வொரு தமிழ்க் குறியும் சதவீதக் குறியும் எண்ணும் எழுத்துமாக ஒன்பது இடம் எடுத்துக்கொள்ளும். கோவில்பட்டி என்ற ஒரு சொல்லில் ஒற்றுப்புள்ளி, கொம்பு, கால் எல்லாம் சேர்த்து 11 குறிகள், ஆக 99 இடம். வேர்ட்பிரஸ் இதற்கு ஒதுக்கியிருப்பது மொத்தம் 200 இடம். ஊர்ப் பெயரை இரண்டு தடவை எழுதினால் கதை முடிந்தது, தலைப்பின் மிச்சம் வெட்டுப்பட்டுப் போகும். அந்த லிங்க்கை வாட்ஸ்அப்பில் போட்டால் திரை முழுக்க சதவீதக் குறிகளாக நிற்கும், பார்க்கிறவர் ஏதோ வைரஸ் லிங்க் என்று தொடாமல் போய்விடுவார். தீர்வு எளிது, செட்டிங்ஸில் நிலையான இணைப்பை எண் வடிவத்துக்கு மாற்றிவிட்டால் போதும். ஆனால் முதல் செய்தி போடுவதற்கு முன்னாலேயே மாற்ற வேண்டும். ஆறு மாதம் கழித்து மாற்றினால் அதுவரை குழுக்களில் சுற்றிய லிங்க்குகளில் எத்தனை உடையும் என்று உட்கார்ந்து பார்க்க வேண்டியிருக்கும்.

இன்னொன்று, பயனர் உரிமைகள். வேர்ட்பிரஸ்ஸில் 'பங்களிப்பாளர்' என்றொரு நிலை இருக்கிறது. அவர் எழுதலாம், வெளியிட முடியாது, ஆசிரியர் பார்த்துத்தான் வெளியிட வேண்டும். கேட்பதற்குச் செய்தித் தளத்துக்கென்றே செய்த மாதிரி இருக்கும். ஆனால் அந்தப் பங்களிப்பாளரால் படம் ஏற்ற முடியாது! மழையில் இடிந்த வீட்டுக்கு முன்னால் நின்று எழுதுகிற நிருபர் படம் இல்லாமல் எழுதி என்ன செய்வது? அவருக்கு அடுத்த நிலையைக் கொடுத்தால் நேரடியாக வெளியிடும் உரிமையும் சேர்ந்தே போய்விடுகிறது. இதைச் சரிசெய்ய பிளகின் (வேர்ட்பிரஸ்ஸோடு ஒட்டவைக்கிற துணை மென்பொருள்) உண்டு. இப்படித்தான் ஒவ்வொன்றுக்கும் ஒரு பிளகின் என்று ஆரம்பித்து எங்கேயோ போய் நிற்கும். வேர்ட்பிரஸ் தளங்கள் ஹேக் ஆவது பெரும்பாலும் இந்தப் பிளகின்கள் வழியாகத்தான். அப்டேட் நின்றுபோன பிளகின் ஒன்று போதும், உங்கள் ஊர்ச் செய்திப் பக்கம் சூதாட்ட விளம்பரத்துக்குப் போய்க்கொண்டிருக்கும்.

சரி, வேகம். சாதாரண நாளில் ஊர்த் தளத்துக்கு எந்த மென்பொருளும் தாங்கும். தாங்காத நாள் ஒன்று வரும், அது எப்போது வரும் என்று இப்போதே சொல்லலாம்: வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், கனமழை எச்சரிக்கை உள்ள ஒரு இரவு, ஆட்சியர் பள்ளிகளுக்கு விடுமுறை விடுவாரா மாட்டாரா என்று ஊரே கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது. நீங்கள் 'நாளை விடுமுறை' என்று போட்டு லிங்க்கைத் தட்டிவிட்ட பத்து நிமிடத்தில் எல்லா அம்மாக்களும் எல்லா ஆசிரியர்களும் ஒரே சமயத்தில் வந்து நிற்பார்கள். கேஷ் (ஒரு தடவை கட்டிய பக்கத்தை எடுத்துவைத்து எல்லோருக்கும் கொடுப்பது) வைக்காத வேர்ட்பிரஸ் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக டேட்டாபேஸைத் தோண்டிப் பக்கத்தைக் கட்டிக் கொடுக்கப் பார்த்து விழுந்துவிடும். அந்த ஒரு இரவில் தளம் திறக்கவில்லை என்றால் அடுத்த மழைக்கு வாசகர் வேறு இடத்துக்குப் போய்விடுவார். எனவே வேர்ட்பிரஸ் என்றால் கேஷ் பிளகின் கட்டாயம். வேர்ட்பிரஸ்.காம் நடத்துகிற ஆட்டோமாட்டிக் நிறுவனம் தருகிற இலவச சூப்பர் கேஷ் போதும், காசு கொடுத்து வாங்குவதற்கு அவசியமே இல்லை.

கோஸ்ட் 2013இல் கிக்ஸ்டார்ட்டரில் மக்களிடம் காசு திரட்டித் தொடங்கியது. அதை ஆரம்பித்த ஜான் ஓநோலன் முன்பு வேர்ட்பிரஸ்ஸின் இடைமுகக் குழுவில் இருந்தவர். லாப நோக்கற்ற அறக்கட்டளைதான் உரிமையாளர், பங்குதாரர் என்று யாரும் இல்லை. எழுதும் இடம் அவ்வளவு சுத்தமாக இருக்கும், வேர்ட்பிரஸ்ஸின் பிளாக் எடிட்டரில் (ஒவ்வொரு பத்தியையும் படத்தையும் தனித்தனிக் கட்டமாக வைக்கும் எழுதுமிடம்) மல்லுக்கட்டியவர் கோஸ்ட்டில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டார். தளம், மின்மடல், உறுப்பினர் சந்தா மூன்றும் ஒரே பெட்டிக்குள் இருக்கின்றன, பிளகின் தேட வேண்டியதில்லை. அமெரிக்காவில் 2023இல் நான்கு பத்திரிகையாளர்கள் சேர்ந்து தொடங்கிய 404 மீடியா இதில்தான் ஓடுகிறது. சப்ஸ்டாக் என்ற மின்மடல் சேவையை விட்டு 2024 ஜனவரியில் வெளியேறிய பிளாட்ஃபார்மர் என்ற செய்திமடல் வந்து சேர்ந்ததும் இங்கேதான். இதையெல்லாம் படித்துவிட்டு நம் ஊரிலும் கோஸ்ட்தான் என்று முடிவெடுக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: சந்தாவை எப்படி வாங்குவீர்கள்?

ஏனென்றால் கோஸ்ட்டில் பணம் வாங்க ஸ்ட்ரைப் என்ற இணையப் பணச் சேவை மட்டும்தான் உள்ளேயே வருகிறது. இந்தியாவில் ஸ்ட்ரைப் 2024இலிருந்து அழைப்பு இருந்தால்தான் புதுக் கணக்குத் தருகிறது. இலங்கையில் ஸ்ட்ரைப்பே இல்லை, யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ இருந்து தொடங்குகிறவருக்கு இந்தக் கதவு அடைத்தே கிடக்கிறது. கோவில்பட்டி வாசகர் மாதம் ஐம்பது ரூபாய் தரத் தயார் என்றே வைத்துக்கொண்டாலும் அவர் ஜிபேயில்தான் தருவார், கார்டு நம்பர் தட்டச்சு செய்து தர மாட்டார். அடுத்து மின்மடல். சொந்த சர்வரில் கோஸ்ட் வைத்தால் மொத்தமாக மடல் அனுப்ப மெயில்கன் என்ற சேவை வேண்டும், அதற்குத் தனிக் கட்டணம். அந்தக் கட்டணத்தையும் கட்டி அனுப்பினால் ஊரில் எத்தனை பேர் மின்னஞ்சலைத் திறப்பார்கள்? வங்கி ஓடிபி வந்ததா என்று பார்ப்பதற்கும் வேலைக்கு மனு போடுவதற்கும் வைத்திருக்கிற பெட்டி அது. ஆக கோஸ்ட்டின் பலம் இரண்டும், சந்தாவும் மடலும், இந்த ஊரில் சும்மா கிடக்கும். மிஞ்சுவது அழகான எடிட்டர். அதற்காக மாதாமாதம் தனி சர்வர் வாடகை கட்டுவதா? ஷேர்டு ஹோஸ்டிங்கில் கோஸ்ட் ஓடாது என்பதையும் சேர்த்து யோசித்துக்கொள்ளுங்கள். குறைந்தது 1 ஜிபி ரேம் உள்ள விபிஎஸ், அதாவது உங்களுக்கென்று ஒதுக்கிய ஒரு மெய்நிகர் சர்வர், வேண்டும். சர்வர் வாடகைக்கு விடுகிற டிஜிட்டல் ஓஷனின் பெங்களூர் மையத்தில் அது மாதம் 6 டாலர். தொகை பெரிதில்லை, ஆனால் அந்த சர்வரைப் பார்த்துக்கொள்ள லினக்ஸ் தெரிந்த ஒருவர் வேண்டுமே.

இதே கோஸ்ட், டொரொண்டோ ஸ்கார்பரோவில் உள்ள தமிழர்களுக்கு ஒரு செய்தித் தளம் என்றால் நான் யோசிக்காமல் கைகாட்டுகிற முதல் பெயர். அங்கே ஸ்ட்ரைப் வேலை செய்கிறது, மின்னஞ்சல் படிக்கிற பழக்கம் இருக்கிறது, மாதம் ஐந்து டாலர் சந்தா யாருக்கும் விசித்திரமாகப் படாது. லண்டன், சிங்கப்பூர், கோலாலம்பூருக்கும் இதேதான். அங்கே போய் வேர்ட்பிரஸ்ஸில் நாலு பிளகின் ஒட்டவைத்து உறுப்பினர் முறை கட்டுவது வெட்டி வேலை.

ஹியூகோ வேறு ஜாதி. இதில் டேட்டாபேஸ் கிடையாது, லாகின் கிடையாது. செய்திகளைச் சாதாரண எழுத்துக் கோப்புகளாக எழுதி வைத்தால் அது மொத்தத் தளத்தையும் சில நொடிகளில் தயாரான பக்கங்களாக அச்சடித்துத் தந்துவிடும், அந்தப் பக்கங்களைக் கொண்டுபோய் எங்கே வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். ஹேக் செய்ய உள்ளே ஒன்றும் இல்லை, விடுமுறை இரவில் விழவும் ஒன்றும் இல்லை. கிளவுட்ஃபிளேர் பேஜஸ் போன்ற இடத்தில் இலவசமாகவே ஓடும் (அந்த இடம் ஓப்பன் சோர்ஸ் இல்லைதான், ஆனால் நாளைக்கே வேறு இடத்துக்கு எடுத்துப் போகலாம் என்பதால் எனக்கு அதில் வருத்தமில்லை). அந்த இலவசத்தில் மாதத்துக்கு 500 தடவைதான் தளத்தைப் புதுப்பிக்க முடியும், நாளுக்குப் பதினாறு என்று வருகிறது. ஊர்த் தளத்துக்கு அது தாராளம், தேர்தல் எண்ணிக்கை நாளில் மட்டும் கை கடிக்கும்.

பிரச்சினை காலை ஆறு மணி ஆள்தான். ஹியூகோவில் செய்தி ஏற்ற கிட் (கோப்புகளின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்துவைக்கும் மென்பொருள்), மார்க்டவுன் (தலைப்பு, பத்தியை எளிய குறிகளால் காட்டி எழுதும் முறை) எல்லாம் தெரிய வேண்டும். டெகாப் மாதிரி ஒரு சிஎம்எஸ்ஸை (செய்தியை எழுதி ஏற்றுவதற்கான மென்பொருள்) மேலே மாட்டினால் பிரவுசரிலேயே எழுதலாம், ஆனால் அது கணினித் திரைக்கென்று செய்தது, பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டு கைப்பேசியில் ஏற்றுவது கொடுமை. அப்புறம் படங்கள். தினமும் பத்துப் படம் அப்படியே கிட்டுக்குள் போனால் வருடக் கடைசியில் அது ஊதிப்போய் நிற்கும், படங்களை வேறு இடத்தில் வைக்க ஏற்பாடு செய்ய வேண்டும்.

ஆனால் இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். நிஜத்தில் ஊர் நிருபர்கள் எந்த சிஎம்எஸ்ஸிலும் உட்கார்ந்து எழுதுவதில்லை. ரெண்டு படம், ஒரு வாய்ஸ் மெசேஜ், "அண்ணே, நீங்களே பாத்து எழுதிப் போட்டுருங்க" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவார்கள். எழுதி ஏற்றுவது டெஸ்க்கில் உள்ள ஒருவரோ இருவரோதான். அப்படியானால் பத்துப் பேருக்கு லாகின் வேண்டும், உரிமை பிரிக்க வேண்டும் என்ற வாதமெல்லாம் அடிபட்டுப் போகிறது, அந்த ஒருவருக்கு ஹியூகோ கற்றுக்கொடுத்துவிட்டால் போதுமே? போதும்தான், அவர் ஊரிலேயே இருக்கிற வரைக்கும். இந்த மாதிரித் தளங்கள் நின்றுபோவது பணம் இல்லாமல் என்பதைவிட, தளத்தைக் கட்டிய பையனுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்துவிடுவதால்தான். வேர்ட்பிரஸ் என்றால் பாஸ்வேர்டை வாங்கி வைத்துக்கொண்டு எப்படியாவது ஓட்டுவார்கள். ஹியூகோ என்றால் அவர் ரயிலேறிய அன்றைக்குத் தளமும் நின்றது நின்றதுதான். தளம் திறக்கும், பழைய செய்தியோடு திறக்கும்.

வாரம் ஒரு முறை மட்டும் வெளியிடுகிற, கணினி தெரிந்த இரண்டு பேராவது உள்ள குழு என்றால் நான் ஹியூகோ பக்கம்தான். குளங்களைப் பற்றி, நகராட்சி வரவுசெலவைப் பற்றி ஆழமாக எழுதுகிறவர்களுக்கு அதில் இன்னொரு லாபமும் உண்டு. எந்த வரியை எந்தத் தேதியில் யார் மாற்றினார் என்பது கிட்டில் அழியாமல் இருக்கும். ஒப்பந்ததாரரைப் பற்றி எழுதி வக்கீல் நோட்டீஸ் வந்தால் முதலில் கேட்கப்படுவது, அன்றைக்கு என்ன போட்டிருந்தீர்கள், பிறகு எதைத் திருத்தினீர்கள் என்பதுதான். வேர்ட்பிரஸ்ஸும் பழைய வடிவங்களைச் சேமிக்கும், ஆனால் டேட்டாபேஸ் பெருக்கிறது என்று யாராவது ஒரு பிளகினை வைத்துச் சுத்தம் செய்துவிடுவார்கள், அதைத் தடுத்து வையுங்கள். மத்திய அரசின் 2021 ஐடி விதிகள் டிஜிட்டல் செய்தித் தளங்களையும் சேர்த்துத்தான் பேசுகின்றன, அதில் நெறிமுறை பற்றிய பகுதியைப் பம்பாய் உயர் நீதிமன்றம் அதே வருடம் ஆகஸ்டில் நிறுத்தி வைத்தது. எந்த மென்பொருளில் தொடங்கினாலும் புகார் அனுப்ப ஒரு பெயரும் முகவரியும் உள்ள பக்கம் முதல் நாளே இருக்கட்டும், ஒரு வழக்கறிஞரிடமும் அரை மணி நேரம் பேசிவிடுங்கள்.

மற்றவற்றைப் பற்றி ஒரு வார்த்தை. ட்ரூபல் பலமொழித் தளத்துக்குப் பிரமாதம், ஒரு பல்கலைக்கழகத்துக்கு வேண்டுமானால் வைக்கலாம், ஊர்த் தளத்துக்கு வேண்டாம். சூப்பர்டெஸ்க் செய்தி முகமைகளுக்கென்று செய்தது, நான்கு பேர் உள்ள இடத்தில் அதற்கு வேலை இல்லை. நியூஸ்பேக் என்பது வேர்ட்பிரஸ்ஸையே சிறு செய்தி நிறுவனங்களுக்காகத் தயார் செய்து தருகிற திட்டம், 2019இல் கூகுள் உள்ளிட்டோர் பணத்தோடு தொடங்கியது. அவர்கள் நடத்தித் தருகிற சேவையின் கட்டணம் நமக்குக் கட்டுப்படியாகாது, ஆனால் பிளகின்கள் ஓப்பன் சோர்ஸ்தான், எடுத்துப் பயன்படுத்தலாம்.

வேர்ட்பிரஸ்ஸை நம்பலாமா என்று 2024 செப்டம்பருக்குப் பிறகு கேட்கிறார்கள், நியாயமான கேள்வி. அதன் நிறுவனர்களில் ஒருவரான மேட் முல்லன்வெக்குக்கும் டபிள்யூபி எஞ்சின் என்ற ஹோஸ்டிங் நிறுவனத்துக்கும் மூண்ட சண்டையில் அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர்களுக்கு அப்டேட் வருவதே தடைபட்டது, டிசம்பரில் நீதிமன்றம் தலையிட வேண்டியதாயிற்று. ஒரு ஆளின் கையில் இவ்வளவு அதிகாரம் இருப்பது நல்லதில்லை, இந்த விஷயத்தில் கோஸ்ட்டின் அறக்கட்டளை அமைப்பு எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் உங்கள் செய்திகள் உங்கள் டேட்டாபேஸில்தான் இருக்கின்றன, மொத்தத்தையும் ஏற்றுமதி செய்து கோஸ்ட்டுக்கோ ஹியூகோவுக்கோ கொண்டுபோக வழி இருக்கிறது. இந்தக் கதவு திறந்திருப்பதற்காகத்தான் ஓப்பன் சோர்ஸ்.

தேடல் விஷயத்தில் மூன்றுமே தமிழுக்குச் சுமார்தான். வேர்ட்பிரஸ்ஸில் 'குளம்' என்று தேடினால் 'குளத்தில்', 'குளத்தை' என்று எழுதிய செய்திகள் வராது, எழுத்துக்கு எழுத்து ஒத்துப்பார்ப்பதோடு சரி. அதனால் ஊர், தெரு, துறை வாரியாகக் குறிச்சொற்களை ஒழுங்காகப் போடுவது தேடலைவிட உபயோகம். அரசு அலுவலகங்களிலிருந்து வரும் குறிப்புகள் வானவில் அவ்வையார் எழுத்துருவிலோ வேறு பழைய எழுத்துருவிலோ இருந்தால் அப்படியே ஒட்டாமல் யூனிகோடுக்கு மாற்றி ஒட்டுங்கள், இல்லாவிட்டால் எந்தத் தேடலிலும் சிக்காது.

ஆக, கோவில்பட்டிக்கு என் கை வேர்ட்பிரஸ்ஸுக்குத்தான் போகிறது. பிரியம் என்று இல்லை. தினமும் செய்தி, ஏற்றுகிறவருக்குக் கணினி அறிவு சுமார், வாசகர் வாட்ஸ்அப்பில் வருகிறார், காசு ஜிபேயில் வருகிறது என்ற நான்கும் அங்கே கொண்டுபோய் விடுகின்றன. வெறும் தீம் ஒன்று, கேஷ், பேக்கப், ஸ்பேம் தடுக்க ஆன்டிஸ்பேம் பீ, அவ்வளவு பிளகின் போதும். பேக்கப் அதே சர்வரிலேயே கிடந்தால் அது பேக்கப் இல்லை, வெளியே எடுத்து வையுங்கள். வாட்ஸ்அப் சேனலில் லிங்க் போகும்போது படமும் தெரிய வேண்டுமென்றால் முகப்புப் படத்தைச் சுருக்கி ஏற்றுங்கள், கைப்பேசியில் எடுத்த முழு அளவுப் படம் பெரும்பாலும் லிங்க்கோடு வரும் முன்னோட்டத்தில் தெரியாது. விளம்பரத்துக்கு முதல் வருடம் கூகுளை நம்பாமல் ஊர் ஜவுளிக் கடையையும் நகைக் கடையையும் போய்ப் பாருங்கள், ஒரு படத்தைப் பக்கத்தில் ஒட்டுவதற்கு எந்த மென்பொருளும் போதும்.

தளத்தின் இணைய முகவரியான டொமைனை மட்டும் தளம் கட்டித் தருகிற பையனின் பெயரிலோ அவர் மின்னஞ்சலிலோ வாங்காதீர்கள். குழுவுக்கென்று ஒரு மின்னஞ்சல் உண்டாக்கி, அதன் பாஸ்வேர்டும் மீட்பு எண்ணும் குறைந்தது இரண்டு பேரிடம் இருக்கும்படி செய்து, அதன் பிறகு வாங்குங்கள்.